தட்டைக் கோட்டைப் பார்த்ததும் குவாண்டம் என்று குதிக்காதீர்கள்: ஜோசப்சன் ஜங்ஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 அக்டோபரில் ஜான் கிளார்க், மிஷெல் டெவோரே, ஜான் மார்ட்டினிஸ் மூவருக்கும், மீக்கடத்தி மின்சுற்றில் குவாண்டம் டனலிங்கையும் ஆற்றல் நிலைகளையும் காட்டியதற்காக, இயற்பியல் நோபல் அறிவித்ததிலிருந்து கீழக்கரையில் எங்கள் வீட்டுத் திண்ணைக்குக் கல்லூரிப் பிள்ளைகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். ராமநாதபுரம், மண்டபம், தொண்டி என்று கரை நெடுக ஆள் இருக்கிறது. சிலர் லேப்டாப்பில் சிமுலேஷன் எழுதுகிறார்கள். சிலருக்கு வெளியூர் ஆய்வகங்களில் முனைவர் பட்டம் செய்யும் அண்ணன்மார், அக்காமார் அளவீட்டுத் தரவை அனுப்பி, இதைப் பிரித்துப் பார் என்கிறார்கள். ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் நாங்கள் ஆய்வகத்தில் நுழைந்த காலத்தில் எல்லாரும் வரிசையாக விழுந்த அதே குழிகளில் இவர்களும் அதே வரிசையில் விழுவதைப் பார்க்கும்போது, வருகிறவர்களிடம் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

கனெக்டரை இறுக்காமல் விடுவது, கையில் நிலைமின்சாரத்தோடு சிப்பைத் தொட்டு எரிப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை, அவற்றை ஒருமுறை செய்தால் தானே புத்தி வரும். நான் சொல்லவருவது, செய்த பிறகும் செய்தது தெரியாத தவறுகள்.

முதலில் அடிப்படை. இரண்டு மீக்கடத்திகளுக்கு நடுவே ஓரிரு நானோமீட்டர் தடிமனில் ஒரு காப்புப் படலம், அதுதான் ஜங்ஷன். இரு பக்க அலைச்சார்புகளின் ஃபேஸ் வித்தியாசம்தான் இங்கே கதாநாயகன். அந்த ஃபேஸின் சைன் மதிப்புக்கேற்ப மின்னழுத்தமே இல்லாமல் மின்னோட்டம் ஓடும், ஃபேஸ் நகர ஆரம்பித்தால் மின்னழுத்தம் பிறக்கும். 1962இல் பிரையன் ஜோசப்சன் 22 வயதில் எழுதியது இவ்வளவுதான். மின்னோட்டம் செலுத்திய ஜங்ஷனை மனதில் கொண்டுவர, கடல் உள்வாங்கிய பிறகு கரை மணலில் வரிவரியாகப் பதிந்திருக்குமே, அதைக் கொஞ்சம் சாய்த்து ஒரு பள்ளத்தில் கோலிக்குண்டை வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். குண்டு நிற்கும் இடம்தான் ஃபேஸ். மின்னோட்டம் கூடக்கூடச் சாய்வு கூடும், பள்ளத்தின் விளிம்பு தாழும். குண்டு பள்ளத்துக்குள் இருக்கும்வரை மின்னழுத்தம் பூஜ்யம், வெளியே உருண்டுவிட்டால் மின்னழுத்தம் தெரியும், அதைத்தான் தாவல் என்கிறோம். வெளியேற இரண்டு வழி: வெப்பம் உலுக்கி விளிம்பைத் தாண்ட வைப்பது ஒன்று, விளிம்பைத் தாண்டாமலே குவாண்டம் டனலிங்கில் ஊடுருவுவது இன்னொன்று. வெளியேறியது எந்த வழியில் என்று சொல்வதில்தான் இந்தத் துறையின் பாதிச் சண்டை.

அளந்த மின்னோட்டத்தை உச்ச மின்னோட்டம் என்று எழுதுவது

நீங்கள் அளப்பது ஜங்ஷன் தாவிய மின்னோட்டம். உச்ச மின்னோட்டம், அதாவது பள்ளமே மறைந்துபோகும் மின்னோட்டம், அதற்கும் மேலே இருக்கும். எவ்வளவு மேலே என்பது வெப்பநிலை, இரைச்சல், மின்னோட்டத்தை ஏற்றும் வேகம் மூன்றையும் பொறுத்தது. சாதாரண நிலைத் தடையை, அதாவது மீக்கடத்தல் இல்லாதபோது ஜங்ஷனுக்குள்ள தடையை, அளந்து அம்பேகோக்கர்–பாராட்டாஃப் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். அலுமினியத்துக்கு உச்ச மின்னோட்டத்தையும் அந்தத் தடையையும் பெருக்கினால் கிட்டத்தட்ட 0.28 மில்லிவோல்ட் வரவேண்டும். அளந்தது அதில் பாதிதான் என்றால், கணக்குப் போடுவதற்கு முன் வயரிங்கைப் பாருங்கள்.

சிமுலேஷனில் வெப்ப இரைச்சலை ஏனோதானோவென்று போடுவது

ஒரு நாள் மாலை பக்கத்துத் தெருத் தம்பி ஒருவன் லேப்டாப்பைத் திறந்தபடியே வந்தான். கச்சான் காற்று அடிக்கும் நேரம், கீபோர்டெல்லாம் மணல். "காக்கா, குவாண்டம் வந்துருச்சு!" என்றான், எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம். திரையில் ஒரு வரைபடம்: கீழே வெப்பநிலை, பக்கத்தில் தாவும் மின்னோட்டப் பரவலின் அகலம், அதாவது பலமுறை ஓட்டும்போது தாவும் மின்னோட்டம் எவ்வளவு சிதறுகிறது என்பது. வெப்பநிலை குறையக் குறைய அகலம் இறங்கி, ஓரிடத்துக்குக் கீழே தட்டையாகிவிட்டது. பாடநூலில் இருக்கும் படம் மாதிரியே இருந்தது. அழகாகவும் இருந்தது.

என்ன சமன்பாடு தீர்க்கிறாய் என்று கேட்டேன். தடை, மின்தேக்கி, ஜங்ஷன் மூன்றையும் இணையாக வைத்து எழுதும் வழக்கமான சமன்பாடு, அதோடு ஒரு வெப்ப இரைச்சல். அதாவது முழுக்க முழுக்கச் செவ்வியல் இயக்கவியல், அந்தச் சமன்பாட்டில் டனலிங் நடக்க வழியே இல்லை. பூஜ்யக் கெல்வினை நோக்கிப் போனால் அகலமும் பூஜ்யத்தை நோக்கியே போயாகவேண்டும். அப்படியானால் தட்டையாக்கியது எது?

தேடிப் பார்த்தோம். மின்னோட்டத்தை 50 நானோ ஆம்பியர் படிகளாக ஏற்றியிருந்தான். ஒவ்வொரு ஓட்டத்திலும் தொடக்க மின்னோட்டத்தைக் கொஞ்சம் மாற்றியும் வைத்திருந்தான், ஒருபக்கச் சாய்வு வராமல் இருக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில். படி 50 என்றால், வெப்பத்தால் வரும் அகலம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும், 50ஐ 12இன் வர்க்கமூலத்தால் வகுத்து வரும் 14 நானோ ஆம்பியருக்குக் கீழே பரவல் இறங்காது. அவன் கோடு தட்டையாகியிருந்ததும் அங்கேதான். படியைச் சின்னதாக்கியதும் அவன் குவாண்டமும் இறங்கிப் போய்விட்டது. முகம் வாடிவிட்டது பாவம், டீ வாங்கிக் கொடுத்தேன்.

அதே நிரலில் இன்னொன்றும் இருந்தது, இது பத்துப் பேரில் எட்டுப் பேர் செய்வது. ஒவ்வொரு கால அடிக்கும் ஒரு ரேண்டம் எண்ணை எடுத்து அப்படியே கூட்டுவார்கள். அந்த எண்ணின் அளவு, கால அடியின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் மாறவேண்டும். இல்லாவிட்டால் அடியைப் பாதியாக்கும்போது உங்கள் ஜங்ஷனின் வெப்பநிலையும் ஓசையில்லாமல் பாதியாகிவிடும். சரிபார்ப்பது சுலபம்: மின்னோட்டத்தைப் பூஜ்யமாக வைத்து, ஃபேஸைப் பள்ளத்துக்குள் சும்மா ஆடவிட்டு, அதன் வேகத்தின் பரவல்வர்க்கத்தை எடுங்கள். பிளாஸ்மா அதிர்வெண்ணை (குண்டு பள்ளத்துக்குள் ஆடும் அதிர்வெண்) அலகாக வைத்து எழுதிய சமன்பாட்டில் அது வெப்ப ஆற்றலை ஜோசப்சன் ஆற்றலால் (பள்ளத்தின் ஆழத்தைத் தீர்மானிப்பது) வகுத்த எண்ணுக்குச் சமமாக வரவேண்டும். அடியை மாற்றினாலும் அது மாறக்கூடாது. இந்தச் சோதனை இல்லாத சிமுலேஷனை என்னிடம் கொண்டுவராதீர்கள்.

தட்டைக் கோட்டைச் சாட்சியாக எடுப்பது

இப்போது வருகிறேன் விஷயத்துக்கு. சிமுலேஷனில் நடந்தால் டீயோடு போய்விடும், ஆய்வகத்தில் நடந்தால் வருடம் போய்விடும். இந்தத் தவறை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, அதனால் இங்கே கொஞ்சம் நீளும்.

கோட்பாடு என்ன சொல்கிறது? வெப்பம் வழியாகத் தாவும்போது பரவலின் அகலம் வெப்பநிலையின் மூன்றில் இரண்டு அடுக்குக்கு விகிதமாகக் குறையும். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே டனலிங் முந்திக்கொள்ளும், டனலிங்குக்கு வெப்பநிலை தேவையில்லை, ஆகவே அகலம் மேற்கொண்டு குறையாது. அந்த மாறும் புள்ளியைக் கணக்கிட, ஜங்ஷனின் பிளாஸ்மா அதிர்வெண்ணைக் கெல்வினாக்கி இரண்டு பையால் வகுத்தால் போதும்.

எண்ணோடு பார்க்கலாம். உச்ச மின்னோட்டம் 10 மைக்ரோ ஆம்பியர், மின்தேக்கம் 6 பிகோ ஃபாரட் என்று வைத்துக்கொள்வோம், பெர்க்லியில் அந்த மூவரும் பயன்படுத்திய ஜங்ஷனும் ஏறக்குறைய இந்த அளவுதான். மின்னோட்டம் இல்லாதபோது பிளாஸ்மா அதிர்வெண் 11 கிகாஹெர்ட்ஸ் சொச்சம். பலர் இதை அப்படியே சூத்திரத்தில் போட்டு 86 மில்லிகெல்வின் என்று எழுதிவிடுகிறார்கள், அதுவே ஒரு தவறு. தாவல் நடப்பது உச்சத்தின் 99 சதவீதத்தை ஒட்டி, அங்கே பள்ளம் ஆழமிழந்து அதிர்வெண் 4.25 கிகாஹெர்ட்ஸாக விழுந்திருக்கும். ஆகவே உண்மையான மாறும் புள்ளி 32 மில்லிகெல்வின் பக்கம்.

சரி, அளந்து பார்த்தால் 150 மில்லிகெல்வினிலேயே கோடு தட்டையாகிவிட்டது என்றால் என்ன அர்த்தம்?

நான் வேலை பார்த்த ஓர் ஆய்வகத்தில், பெயர் வேண்டாம், அது வெளியூர், அப்படித்தான் நடந்தது. நான் பக்கத்து மேசையில் வேறு வேலையில் இருந்தேன். அந்தக் குழுவுக்கு வந்த தட்டைக் கோடு, கணக்கிட்ட புள்ளியைவிடப் பல மடங்கு மேலே இருந்தது. யாராவது வயரிங்கைச் சந்தேகப்பட்டார்களா? இல்லை. மின்தேக்கத்தைச் சந்தேகப்பட்டார்கள். மின்தேக்கத்தைத் தனியாக அளந்திருக்கவில்லை, பரப்பையும் படலத் தடிமனையும் வைத்துப் போட்ட மதிப்பீடுதான் கையில் இருந்தது. அதனால் அதைக் குறைத்துக்கொண்டே போனார்கள். மின்தேக்கம் குறைந்தால் பிளாஸ்மா அதிர்வெண் கூடும், மாறும் புள்ளி மேலே ஏறும், கோடு கோட்பாட்டோடு உட்காரும். உட்கார்ந்தது. 32ஐ 150 ஆக்க மின்தேக்கத்தை இருபது மடங்குக்கு மேல் குறைக்க வேண்டும் என்பதை யாரும் உரக்கச் சொல்லவில்லை. போஸ்டர் அடித்தாயிற்று, ஆய்வேட்டில் ஒரு அத்தியாயமும் ஆயிற்று.

கூட்டத்தில் பின்வரிசையில் இருந்து ஒருவர் கேட்டார்: "காந்தப்புலம் போட்டு உச்ச மின்னோட்டத்தைக் குறைத்துப் பார்த்தீர்களா?" பார்க்கவில்லை.

இந்தக் கேள்வியில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. ஜங்ஷனின் தளத்துக்கு இணையாகக் கொஞ்சம் காந்தப்புலம் கொடுத்தால் உச்ச மின்னோட்டம் விழும். 10 மைக்ரோ ஆம்பியரை 1 மைக்ரோ ஆம்பியர் ஆக்கினால், நம் உதாரண ஜங்ஷனின் மாறும் புள்ளி 32இலிருந்து 13 மில்லிகெல்வின் பக்கம் இறங்கிவிடும். அதே சிப், அதே வயர், அதே ஃபில்டர், அதே குளிரூட்டி. இப்போது 20 மில்லிகெல்வினில் அந்த ஜங்ஷன் இன்னும் வெப்பத்தால் தாவும் பக்கத்தில்தான் இருந்தாகவேண்டும், அதன் பரவலிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடும் வெப்பநிலையும் தெர்மாமீட்டர் சொல்வதும் ஒத்துப்போகவேண்டும். ஒத்துப்போனால், வெளியிலிருந்து இரைச்சல் வரவில்லை என்று ஜங்ஷனே சொல்லிவிட்டது, ஆகவே பெரிய உச்ச மின்னோட்டத்தில் தெரிந்த தட்டைக் கோடு டனலிங்தான் என்று தைரியமாகச் சொல்லலாம். ஒத்துப்போகாமல் முன்பு நின்ற இடத்திலேயே நின்றால், உங்கள் ஜங்ஷன் இரைச்சலை அளந்துகொண்டிருக்கிறது. 1985 பெர்க்லி அளவீட்டில் இதைச் செய்தார்கள். அதற்கு முன்பே 1981இல் வாஸ், வெப் முதலானோர் டனலிங்கைப் பார்த்ததாகச் சொல்லியிருந்தும் பெர்க்லி அளவீடு தனியாக நின்றதற்கு இந்த மாதிரிப் பொறுமை ஒரு காரணம்: மின்தேக்கம், தடை எல்லாவற்றையும் அதே ஜங்ஷனில், அதே வயரிங்கோடு, செவ்வியல் பக்கத்தில் மைக்ரோவேவ் கொடுத்து அளந்துவிட்டு, பொருத்துவதற்கென்று ஒரு எண்ணைக்கூட மிச்சம் வைக்காமல் கோட்பாட்டோடு ஒப்பிட்டார்கள்.

அந்தக் குழுவும் கடைசியில் காந்தப்புலம் போட்டுப் பார்த்தது. கோடு 150இலேயே அசையாமல் நின்றது.

இரைச்சல் வந்த வழிதான் இன்னும் எரிச்சல். ஜங்ஷனுக்குப் போகும் நான்கு வயருக்கும் ஆர்சி ஃபில்டர் போட்டிருந்தார்கள், சின்னப் பெட்டிக்குள் சிப் ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் ஒழுங்காகச் சால்டர் செய்து. கணக்குப்படி சில கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் உள்ளே வரக்கூடாது. ஆனால் அந்தக் கணக்கு கிகாஹெர்ட்ஸில் செல்லாது. ஒரு சிப் ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கும் இடையே 0.1 பிகோ ஃபாரட் ஒட்டுண்ணி மின்தேக்கம் இருந்தால்கூட, 10 கிகாஹெர்ட்ஸில் அது வெறும் 160 ஓம். நீங்கள் போட்ட 1 கிலோ ஓம் ரெசிஸ்டரை அந்த அலை சட்டை செய்யாது, பக்கவாட்டில் தாண்டிப் போய்விடும். மறுபக்கம் கெப்பாசிட்டர் தரையோடு சேரும் ஒற்றை நானோஹென்றிக் கம்பித்துண்டு அதே அதிர்வெண்ணில் 63 ஓம், ஆகவே அதுவும் ஷார்ட் செய்யாது. அறை வெப்பநிலையில் இருக்கும் வயரின் வெப்ப இரைச்சல் 6 டெராஹெர்ட்ஸ் வரை நீள்கிறது, ஜங்ஷன் காது கொடுப்பதோ கிகாஹெர்ட்ஸில். அதற்காகத்தான் செம்புத்தூள் ஃபில்டர்: ஒரு உலோகக் குழாய்க்குள் இன்சுலேஷன் உள்ள நீளமான கம்பியைச் சுருட்டி வைத்து, சுற்றிலும் நுண்ணிய செம்புத்தூளை எபாக்ஸியோடு கெட்டித்து நிரப்புவது. ஒவ்வொரு துகளின் மேலும் ஆக்சைடு இருப்பதால் துகள்கள் ஒன்றோடொன்று மின்சாரமாக ஒட்டுவதில்லை, மொத்தப் பரப்பு மிகப் பெரியது, உயர் அதிர்வெண் மின்னோட்டம் பரப்பிலேயே ஓடி அங்கேயே வெப்பமாகித் தொலையும். அதிர்வெண் கூடக்கூட நன்றாக வேலை செய்யும், ஆர்சிக்கு நேர்மாறு. இரண்டும் தொடராக வேண்டும். ஒவ்வொன்றையும் எந்தத் தட்டில் வைக்கிறோம் என்பதும் முக்கியம்: கடைசிச் செம்புத்தூள் ஃபில்டர் ஜங்ஷன் இருக்கும் அதே குளிரில் இருக்கவேண்டும், 4 கெல்வினில் வைத்தால் 4 கெல்வின் இரைச்சலை அதுவே புதிதாகக் கீழே அனுப்பும்.

அப்புறம் அவர்கள் செம்புத்தூளும் போட்டார்கள். ஆனாலும் கோடு கொஞ்சம்தான் இறங்கியது. பிறகு யாரோ தற்செயலாகத் தெர்மாமீட்டர் கேபிளைக் கழற்றியபோது பரவல் சட்டென்று ஒடுங்கியது. ஹீட்டர் வயர், தெர்மாமீட்டர் வயர் இரண்டுக்கும் ஃபில்டரே இல்லை, ஜங்ஷனோடு தொடர்பில்லாத வயர்தானே என்று விட்டிருந்தார்கள். அவை அதே செம்புப் பெட்டிக்குள் நுழைந்து, பெட்டிக்குள் ஆன்டெனா மாதிரி நின்றுகொண்டிருந்தன. பெட்டிக்குள் நுழையும் ஒவ்வொரு உலோகத்துண்டும் கணக்கில் சேர்த்தி, அது உங்கள் அளவீட்டுக்கு வேண்டியதா வேண்டாததா என்று அலைக்குத் தெரியாது. இத்தனைக்கும் ஆன செலவு, திரவ ஹீலியம், அந்தப் பையன் ஆய்வேட்டிலிருந்து பிடுங்கியெறிந்த அத்தியாயம், இதெல்லாம் ஒரு காயிலில் மின்னோட்டம் விட்டுப் பார்த்திருந்தால் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும்.

காந்தப்புலச் சோதனையிலும் விழக்கூடிய ஒரு குழி உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். புலத்தைக் கூட்டும்போது உச்ச மின்னோட்டம் செங்குத்தாக இறங்கும் இடத்தில் நின்று அளந்தால், காயிலுக்கு மின்னோட்டம் தரும் சப்ளையின் சின்ன நடுக்கம்கூடப் பரவலை அகலமாக்கிவிடும், இல்லாத இரைச்சலை இருப்பதாக நினைத்து இன்னொரு மாதம் தேடுவீர்கள். காயிலுக்குப் பேட்டரி வையுங்கள், அல்லது முதல் பக்க மேட்டின் உச்சியில் போய் நில்லுங்கள், சீரான ஜங்ஷனில் அது நடு உச்சியின் 22 சதவீதம் உயரத்தில் இருக்கும், அங்கே சரிவு பூஜ்யம்.

மல்டிமீட்டர் தடையை உராய்வுக் கணக்கில் போடுவது

ஜங்ஷனின் மின்னோட்ட–மின்னழுத்த வரைபடத்தில் மீக்கடத்தியின் ஆற்றல் இடைவெளிக்குக் கீழே தெரியும் தடை 10 கிலோ ஓம் என்றிருக்கும். அதை வைத்துத் தரக் காரணியை (Q, இது பெரிதானால் உராய்வு குறைவு) போட்டால் நம் உதாரண ஜங்ஷனுக்கு 1,600 வரும், அடேயப்பா உராய்வே இல்லை என்று சந்தோஷப்படுவார்கள். பிளாஸ்மா அதிர்வெண்ணில் ஃபேஸ் பார்ப்பது உங்கள் லீடுகளை, அவை 100 ஓம் பக்கம்தான் இருக்கும். அப்போது அது 16. டனலிங் வேகச் சூத்திரத்தின் அடுக்கில் உராய்வு சேர்க்கும் திருத்தம் 0.87ஐ அந்த எண்ணால் வகுத்தது, ஆகவே 16க்கு 5 சதவீதம், 3க்கு 29 சதவீதம். அது அடுக்கில் உட்கார்ந்திருக்கிறது என்பதால் தாவும் வேகத்தில் பெரிய மாற்றம் வரும். 1981இல் கால்டீராவும் லெகெட்டும் கேட்டதே இதைத்தான்: உராய்வுள்ள ஒரு பெரிய பொருள் டனலிங் செய்யுமா, செய்தால் எவ்வளவு மட்டுப்படும்?

பரவலுக்கு மணிவளைவு பொருத்துவது

பொருந்தாது. இடப்பக்கம் வால் நீண்டு, வலப்பக்கம் செங்குத்தாக விழும். ஸ்க்யூனெஸ், அதாவது பரவல் ஒருபக்கம் சாயும் அளவு, மைனஸ் 1 பக்கம் வரவேண்டும், சமச்சீராக வந்தால் சந்தேகப்படுங்கள். ஃபுல்டனும் டங்கில்பெர்கரும் 1974இல் கொடுத்த முறையில் பரவலைத் தாவும் வேகமாக மாற்றிவிட்டு அப்புறம் பொருத்துங்கள்.

வெப்பநிலை கூடினால் பரவல் அகலமாகித்தான் ஆகவேண்டும் என்று நம்புவது

சின்ன ஜங்ஷன்களில் இது தலைகீழாகும். உச்ச மின்னோட்டம் 20 நானோ ஆம்பியர் என்றால் ஜோசப்சன் ஆற்றல் 0.48 கெல்வின்தான். 300 மில்லிகெல்வினில் பள்ளம் என்று ஒன்று பேருக்குத்தான் இருக்கிறது. ஃபேஸ் ஒரு பள்ளத்திலிருந்து தப்பித்தாலும், உராய்வு போதுமான அளவு இருந்தால், அடுத்த பள்ளத்திலேயே மாட்டிக்கொள்ளும், மறுபடி தப்பிக்கும், மறுபடி மாட்டும். இதுதான் ஃபேஸ் டிஃப்யூஷன். வரைபடத்தில் பூஜ்ய மின்னழுத்தக் கிளை செங்குத்தாக இல்லாமல் லேசாகச் சாய்ந்திருக்கும்.

தொண்டியிலிருந்து வந்த ஒரு மாணவி அப்படிப்பட்ட தரவைக் கொண்டுவந்து, இது கான்டாக்ட் தடை சார், கழித்துவிடலாமா என்று கேட்டாள். நான்கு முனையில் அளந்த தரவில் கான்டாக்ட் தடை எங்கிருந்து வரும்? அந்தச் சாய்வில் 5 மைக்ரோவோல்ட் தெரிந்தது. ஒரு மைக்ரோவோல்ட்டுக்கு ஃபேஸ் நொடிக்கு 48 கோடியே 36 லட்சம் முழுச்சுற்று சுற்றுகிறது என்று சொன்னதும் அவளே ஐந்தால் பெருக்கிப் பார்த்துவிட்டு, இதையா கழிக்கப் பார்த்தேன் என்றாள். அவள் தரவில் இன்னொன்றும் இருந்தது: 200 மில்லிகெல்வினுக்கு மேல் பரவல் ஒடுங்க ஆரம்பித்து, வாலும் சுருங்கிச் சமச்சீராகிக்கொண்டே வந்தது. ஏதோ அளவீட்டுக் கோளாறு என்று அந்தப் புள்ளிகளைத் தரவு கொடுத்தவர் சிவப்பில் அடித்து வைத்திருந்தார். கோளாறெல்லாம் இல்லை, 2005இல் சில குழுக்கள் தனித்தனியாக இதே ஒடுக்கத்தை வெளியிட்டன. முதல் தப்பிப்பிலேயே தாவல் முடிந்துவிடாமல், பல தப்பிப்புகள், பல மாட்டல்கள் சேர்ந்து ஒரு தாவலாவதால் பரவல் ஒடுங்குகிறது. இதில் டனலிங் சூத்திரத்தைப் பொருத்தினால் ஏதோ ஒரு எண் வரத்தான் செய்யும். அதற்கு அர்த்தம் கிடையாது.

தெர்மாமீட்டரை நம்புவது

அது குளிரூட்டியின் கலவைக் கலத்தின் வெப்பநிலை. எலக்ட்ரானுடையது அல்ல.

ஆறவிடாமல் அடுத்த ஸ்வீப்பை (மின்னோட்டத்தை ஏற்றும் சுற்று) தொடங்குவது

தாவியதும் அலுமினிய ஜங்ஷன் 0.4 மில்லிவோல்ட் பக்கம் போய் நிற்கும். 10 மைக்ரோ ஆம்பியரோடு பெருக்கினால் 4 நானோவாட். கேட்க அற்பமாக இருக்கும், 20 மில்லிகெல்வினில் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் எலக்ட்ரான்களிலேயே தங்கும். தாவியதைக் கண்டுபிடித்த மைக்ரோநொடிகளில் மின்னோட்டத்தை இறக்குங்கள், ஸ்வீப்புகளுக்கு நடுவே இடைவெளி விடுங்கள். இடைவெளியை இரட்டிப்பாக்கிப் பரவல் ஒடுங்குகிறதா என்று பாருங்கள். ஒடுங்கினால் நீங்கள் பார்த்த தட்டைக் கோட்டில் இதற்கும் பங்கு உண்டு.

ஸ்வீப் வேகத்தை எழுதாமல் விடுவது

எழுதுங்கள். சிமுலேஷனின் ஸ்வீப் ஆய்வகத்தைவிடப் பல ஆயிரம் மடங்கு வேகம், இரண்டையும் ஒரே வரைபடத்தில் ஒட்டாதீர்கள்.

மைக்ரோவேவில் ஒரு உச்சி தெரிந்ததும் ஆற்றல் நிலை என்று பெயர் வைப்பது

நோபல் அறிவிப்பில் டனலிங்கோடு ஆற்றல் நிலைகளும் இருப்பதால் இப்போது எல்லாருக்கும் நிலைகள் வேண்டும். மைக்ரோவேவ் கொடுத்து, மின்னோட்டத்தை மாற்றி, தாவும் வேகம் ஓரிடத்தில் எகிறினால், ஆச்சு என்கிறார்கள். பள்ளத்துக்குள் ஆடும் எந்தச் செவ்வியல் பொருளும் தன் அதிர்வெண்ணில் தள்ளினால் எகிறத்தான் செய்யும், 2004இல் செவ்வியல் சமன்பாட்டை மட்டும் வைத்தே இப்படிப்பட்ட உச்சிகளை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். பள்ளம் சமச்சீரற்றது என்பதால் நிலைகளுக்கு இடையிலான தூரங்கள் சமமாக இருக்காது, மேலே போகப்போக நெருங்கும். ஆகவே ஒரே மைக்ரோவேவ் அதிர்வெண்ணுக்குப் பூஜ்யத்திலிருந்து ஒன்று, ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று என்று வெவ்வேறு மின்னோட்டங்களில் தனித்தனி உச்சிகள் வரவேண்டும், அவற்றின் இடங்கள் தனியாக அளந்த உச்ச மின்னோட்டம், மின்தேக்கம் இரண்டிலிருந்தும் கணக்கிட்ட இடங்களில் விழவேண்டும். குளிர்விக்கக் குளிர்விக்க மேல்நிலை உச்சிகள் மங்கி, கடைசியில் பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்குப் போகும் உச்சி மட்டும் மிஞ்சவேண்டும். மைக்ரோவேவ் பவரையும் குறைத்துக்கொண்டே வந்து, உச்சியின் இடம் நகராமல் இருக்கும் அளவுக்கு இறக்குங்கள், பவர் கூடும்போது இடம் நகர்ந்தால் நீங்கள் ஃபேஸைப் பலமாக உலுக்குகிறீர்கள், நிலைகளை எண்ணவில்லை. மண்டபத்துத் தம்பி ஒருவன் போன வாரம் அனுப்பிய தரவில் இரண்டு உச்சிகள் இருந்தன. இரண்டாவது உண்மையிலேயே இரண்டாவது நிலைமாற்றமா, அல்லது இரு ஃபோட்டான் ஒன்றாக விழுங்கியதா என்பது பவரை மாற்றி எடுத்த வரிசை வந்தால்தான் தெரியும், அதை அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.